பூஜையில் நான் வைத்த கடிதம்

அம்மு,

ஒரே ஊருக்குள், வலியசாலையிலிருந்து கழக்கூட்டத்துக்கு எவளாவது தபாலில் கடிதம் போடுவாளா என்று உறையைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். ஹைவேயில் பிளாக் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். நேரில் வந்தால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ "விடும்மா" என்று எழுந்து காபி போடப் போய்விடுவாய், அதோடு எல்லாம் முடிந்துபோகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி படித்ததுமே கூப்பிடுவாய். அதனால் தபால்தான் சரி, அதுவும் தமிழில். மலையாளத்தையும் இங்கிலீஷையும் கடகடவென்று படிக்கிற நீ தமிழை மட்டும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். இதை நீ மெதுவாகத்தான் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குள் படித்துவிடு. படித்த பிறகும் அனுப்பலாம் என்று தோன்றினால் அனுப்பு.

போன மாதம் நீ குடிபோன ஃபிளாட்டில், போன ஞாயிறு, எனக்கென்று ஒதுக்கின அறையைக் காட்டினாய். வெளிச்சமான ஜன்னல், உயரம் குறைந்த கட்டில், சுவாமி படம் வைக்கச் சுவரில் ஒரு பலகை, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாய். கடைசியில் உன் அறை பீரோவின் சாவியையும் என் கையில் வைத்து, "இனிமே இந்த ஆத்துல எல்லாம் ஒன் பொறுப்பாக்கும். எதை வேணும்னாலும் தொறந்து பாரும்மா, நேக்கு ஒண்ணும் இல்லை" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் சாவியைக் கீழே போட்டுவிட்டேன். சர்க்கரை குறைந்திருக்கும் என்று சொல்லி உட்கார்ந்தேன், நீ ஓடிப்போய் பிஸ்கட் எடுத்து வந்தாய். சர்க்கரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. யாரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாதோ அவளிடம் போய்க் கொடுத்தாய், அதுதான் காரணம். அந்தச் சாவியோடு உன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்த அறை எனக்கு இல்லாமல் போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குத் துப்பாக்கியைக் காட்டிக் கொடுத்தவர் உன் அப்பா. சங்குமுகம் கடற்கரையில் ஒரு பலகை நிறையப் பலூன் கட்டி ஏர் ரைஃபிள் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உனக்கு அப்போது எட்டு வயது. துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைக்க உயரம் போதாமல் அப்பா உன்னைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். முதல் பலூன் வெடித்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது என்று ஒரு வரிசையே காலியானது. கடைக்காரர் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி, "சாமி, புள்ளயக் கூட்டிட்டுப் போயிருங்க, இன்னும் நாலு நாள் வந்தா நான் ஊருக்கு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்" என்றார். அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். நான் மட்டும் உன் வலது கன்னத்தில் கட்டை அழுந்தின சிவப்பைப் பார்த்து, "முகத்துல தழும்பு விழப்போறது, யாரு பாக்க வருவா இவளை" என்று சண்டை போட்டேன். எட்டு வயதுக் குழந்தைக்கு வரன் கவலை! அந்த வாய்தான் இந்த வாய்.

அந்த வருஷ நவராத்திரியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானை மேல் எழுந்தருளிக் கோட்டைக்குள் வரும்போது போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று ரைஃபிளை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து மரியாதை செய்தார்கள். நீ அப்பாவின் தோளில் உட்கார்ந்து, "சரஸ்வதிக்கு எதுக்குப்பா தோக்கு? அவா ஆரையாவது சுடப்போறாளா?" என்று கேட்டாய். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சுடறதுக்கு இல்லைடி, மரியாதைக்கு. படிக்கிற புஸ்தகம் மாதிரி அதுவும் ஒரு வித்தையாக்கும்" என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். நீ பிளஸ் டூ படிக்கும்போது அந்த மனிதர் ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீயும் நானும்தான். என் கதையும் அங்கிருந்துதான் கெட்டுப்போக ஆரம்பித்தது.

காலேஜில் என்.சி.சி. சேர்ந்தாய். பெயர் கொடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாய். பரேட் மட்டும்தான் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். மூன்று மாதத்தில் ரேஞ்சுக்குப் போய்க் குப்புறப் படுத்து நிஜ ரைஃபிளால் சுடுகிறாய் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு முழங்கையும் தரையில் ஊன்றி ஊன்றிக் கருத்துப் போயின. நான் தேங்காயெண்ணெய் தடவுவேன், தடவிக்கொண்டே திட்டுவேன். நீ பேசாமல் கையை நீட்டிக்கொண்டிருப்பாய். ஒவ்வொரு நாளும் சுட்ட புள்ளிகளைப் பச்சை அட்டை போட்ட நோட்டில் எழுதி வைப்பாய். அதை நான் தினமும் பார்த்தேன். நீ குளிக்கப் போனதும் பையைத் திறந்து பார்ப்பேன். புள்ளி ஏறியிருந்தால் எனக்கு அன்றைக்கு நாளே விடியாது.

துணி தோய்க்கிறதுக்கு முன்னால் பாக்கெட்டைப் பார்ப்பது எல்லா அம்மாக்களும் செய்வது. பஸ் டிக்கெட்டோ பேனாவோ இருந்தால் எடுத்து வைக்க வேண்டுமே. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாக்கெட்டிலிருந்து பைக்குப் போனேன், பையிலிருந்து மேஜை இழுப்பறைக்கு, பிறகு தலையணை உறைக்குள், கடைசியில் உன் போனுக்கு. அப்பா இல்லாத பெண், நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நியாயம் வேறு வைத்திருந்தேன். உன் காக்கிச் சட்டைப் பையில் ஒரு நாள் பித்தளையில் சின்னதாக ஒன்று கிடைத்தது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு. என் வீட்டுக்குள் தோட்டாவா என்று அலறி, அதைக் கொண்டுபோய்த் தெருக்கோடி ஓடையில் எறிந்துவிட்டு வந்து கையைக் கழுவினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலிக் கூடு ஒவ்வொன்றையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் விட மாட்டார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? அன்று ஒன்று குறைந்திருக்கிறது. உன் சட்டைப் பைக்குள் தெறித்து விழுந்தது உனக்கே தெரியாது. மறுநாள் உங்கள் குழு முழுவதும் வெயிலில் ரேஞ்ச் புல்லை விரலால் கோதித் தேடியிருக்கிறது. அந்த வாரம் யாருக்கும் சுடவே அனுமதி இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதுவா? அதை நான் அன்னிக்கே தூக்கி எறிஞ்சாச்சே" என்றேன். நீ கத்தவில்லை. அப்பாவின் பழைய டிக்ஷனரியை எடுத்து வந்து 'ரைஃபிள்' என்ற சொல்லுக்கு நேரே விரலை வைத்து என் முன்னால் பிடித்தாய். "நான் பண்றதுக்கும் இதாக்கும் பேரு, நீ பண்றதுக்கும் இதாக்கும் பேரு. ரெண்டாவது அர்த்தத்தைப் படி" என்றாய். ஒருவருடைய பையையோ அலமாரியையோ குடைந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போவது என்று போட்டிருந்தது. ஆபீஸில் முப்பது வருஷம் இங்கிலீஷ் டைப் அடித்தவள் நான். திருடனுக்குச் சொல்கிற வார்த்தையை எனக்குச் சொல்கிறாயா என்று மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீதான் வந்து சமாதானம் சொன்னாய். நியாயமாக யார் சொல்லியிருக்க வேண்டும்?

அதன் பிறகு ஒரு நாள் பெற்றோர்களை ரேஞ்சுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீ கெஞ்சினதால் வந்தேன். உங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் நல்ல மனிதர், எல்லா அம்மாக்களையும் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரு ரைஃபிளைக் கழற்றிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே திருகாணியின் புரி போலச் சுற்றிச் சுற்றி வரி ஓடியது. ரைஃபிள் என்றால் முதலில் அந்த வரியை வெட்டுவதற்குத்தான் பெயராம், பிறகு துப்பாக்கிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டதாம். வரி இருந்தால்தான் குண்டு சுழன்றுகொண்டு நேரே போகும், இல்லாவிட்டால் தோன்றின பக்கம் போகும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பிடித்திருந்தது, அம்மு! அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்கு நீ சுடும்போது மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தேன். இந்த வீட்டில் ஒரு இடத்தில் அரை நிமிஷம் உட்காராத பெண் அங்கே அசையவே இல்லை. திரும்பி வரும்போது ஹவில்தார், "இவள் தூரெ போகும், சேச்சி" என்றார். பெரிய ஆளாக வருவாள் என்று மெச்சித்தான் சொன்னார். தூரமாகப் போய்விடுவாள் என்பது மட்டும் என் காதில் நின்றது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

நீ பி.எஸ்ஸி. கடைசி வருஷம். துர்காஷ்டமி அன்று காலை உங்கள் குழு கல்லாற்றுக்கு நடைப் பயிற்சி போயிருந்தது. சாயந்திரம் பூஜை வைப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். பதினொரு மணிக்குத் தபால்காரர் பழுப்பு உறை ஒன்று கொடுத்தார். என்.சி.சி. பட்டாலியன் முத்திரை, உன் பெயர். நீ வரும் வரை மேஜையில் வைத்திருக்க வேண்டியது. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் காட்டி ஒட்டினதைப் பிரித்தேன். வடக்கே ஒரு பெரிய பயிற்சி முகாமுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே தேறினால் நாடு முழுவதிலிருந்தும் வருகிறவர்களோடு போட்டியில் சுடலாம். விஜயதசமி அன்று மூன்று மணிக்குள் பெற்றோர் கையெழுத்தோடு தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் இருக்க வேண்டும், வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணை அழைத்துப் போவோம் என்று இருந்தது. நான் அதை நாலு தடவை படித்தேன்.

கிழித்துப் போடத் தைரியம் வரவில்லை. ஒளிக்க இடம் தேடினேன். பீரோவில் வைத்தால் புடவை எடுக்க வருவாய், சமையலறையில் வைத்தால் டப்பாவைத் திறப்பாய். அப்போதுதான் பூஜைக்கு எடுத்து வைத்த புஸ்தக அடுக்கு கண்ணில் பட்டது. உனக்குத் தெரியும் நம் வழக்கம். அஷ்டமி சாயந்திரம் பூஜை வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கிற வரைக்கும் அந்த அடுக்கை யாரும் தொட மாட்டோம். நியூஸ் பேப்பரைக்கூடப் படிக்காத வீடு இது. உறையைத் திரும்ப ஒட்டி, என் சகஸ்ரநாமப் புஸ்தகத்துக்கு அடியில் வைத்து மேலே பட்டுத் துணி போர்த்தினேன். சரஸ்வதிக்குக் காவல் வேலை கொடுத்தேன் அம்மு! உன் கால்களை அவளை வைத்தே கட்டினேன். இந்தத் தெருவில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லியிருப்பார்கள், பூஜையை வைத்து இப்படி ஒருத்தியும் செய்திருக்க மாட்டாள்.

சாயந்திரம் நீ சகதி ஷூவோடு வந்தாய். குளித்துவிட்டு உன் பாடப் புஸ்தகங்களையும் பச்சை அட்டை நோட்டையும் கொண்டுவந்து நீயே அடுக்கில் வைத்தாய். நான் அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் பூஜை அறையிலேயே நின்றிருந்தாய். வேண்டிக்கொள்கிறாய் என்று நினைத்தேன்.

நவமி அன்று மத்தியானம் ஹவில்தார் என் போனுக்குக் கூப்பிட்டார், வீட்டு நம்பர் என்று நீ என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். நீ பக்கத்துத் தெருவில் சிநேகிதி வீட்டுக் கொலு பார்க்கப் போயிருந்தாய். லெட்டர் கிட்டியோ என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "அவள்க்கு தால்பர்யம் இல்ல சாரே" என்றேன், உனக்கு விருப்பமே இல்லை என்று. அவர், "குட்டியோடு ஒண்ணுகூடி சோதிக்கு சேச்சி. நாளெ மூணு மணி வரெ ஞான் ஸ்டேஷனில் காக்காம்" என்றார். பெண்ணிடம் இன்னொரு முறை கேளுங்கள், நாளை மூன்று மணி வரை காத்திருக்கிறேன் என்று அந்த மனிதர் எனக்கு வழி விட்டார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். விஜயதசமி காலையில் நீ எழுந்திருப்பதற்கு முன்னால் உறையை எடுத்து என் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்தேன். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தது.

ஏன் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். துப்பாக்கி பிடித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்றேன். இப்போது உனக்கு முப்பத்து இரண்டு, கல்யாணம் வேண்டாம் என்கிறாய், சந்தோஷமாகத்தான் இருக்கிறாய். பரீட்சை கெட்டுவிடும் என்றேன். நீ பரீட்சையில் என்றைக்குக் குறைந்தாய்? எதுவும் உண்மை இல்லை. அப்பா போன பிறகு சாயந்திரம் ஐந்தரைக்கு ஆபீஸிலிருந்து வந்து பூட்டைத் திறந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆறரைக்கு நீ வந்து ஷூவைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தையே தாங்க முடியாதவள், நீ மாதக்கணக்கில் வடக்கே போனால் என்ன செய்வேன்? என் பயத்துக்காக உன்னைப் பிடித்து வைத்தேன். அவ்வளவுதான் காரணம். கேவலமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான்.

நீ பிறகு ரேஞ்சுக்குப் போவதையே விட்டாய். படிப்பு இருக்கிறது என்றாய், பச்சை அட்டை நோட்டும் அதன் பிறகு உன் பையில் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூன்று நாலு மாதம் கழித்துக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் ஹவில்தாரைப் பார்த்தேன். ஓடி ஒளியலாம் என்றால் கையில் காய்கறிப் பை. அவராகவே வந்து, "சேச்சி, இப்போ சுகமாயோ? அம்மைக்கு வய்யாத்ததுகொண்டாணு போகாஞ்ஞதென்னு குட்டி பறஞ்ஞு" என்றார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் போகவில்லை என்று நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். கடிதம் வந்ததே தெரியாத பெண் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அடுத்த பெண் போய்விட்டதைக் கேள்விப்பட்டு, கௌரவத்துக்காக ஏதோ சொல்லியிருப்பாய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீயும் கேட்பாயே.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாமான் கட்டும்போது, "அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியை மட்டும் தொறக்க வேண்டாம், அப்படியே ஏத்திடு" என்று நீ போனில் சொன்னாய். கேட்டேனா? உளுத்துப் போயிருக்குமோ, பாச்சை இருக்குமோ என்று சாக்குச் சொல்லிக்கொண்டு திறந்தேன். இந்தக் கை திருந்தவில்லை அம்மு, அறுபது தாண்டியும் திருந்தவில்லை. காக்கிச் சட்டையும் பெல்ட்டும் பச்சை அட்டை நோட்டும் இருந்தன. நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக உன் புள்ளிகள், ஏறிக்கொண்டே போகின்றன. கடைசியில் எழுதின பக்கத்தில் புள்ளி எதுவும் இல்லை. மலையாளத்தில் சில வரிகள், நான் தமிழில் எழுதுகிறேன். "அஷ்டமி அன்றைக்கே பார்த்தேன். கவர் வந்திருக்கிறது. அம்மா பூஜையில் வைத்திருக்கிறாள். சரஸ்வதியிடம் வைத்து எடுத்துத் தர நினைத்திருப்பாள். பூஜை எடுத்ததும் தருவாள் என்று இருந்தேன். தரவில்லை. கேட்டும் பார்த்தேன்." அதற்குப் பிறகு நோட்டு முழுக்க வெள்ளைத் தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவள் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் கைக்கு எட்டின இடத்தில் மூன்று நாள் அந்தக் கடிதம் இருந்தும் நீ தொடவில்லை. நான் உன் பையில் கைவிடாத நாள் கிடையாது, நீ உன் பெயர் எழுதின உறையையே எடுக்காமல் இருந்தாய். அம்மா ஆசீர்வாதம் பண்ணித்தான் தரப்போகிறாள் என்று நம்பியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷம் என்னோடு சாப்பிட்டு, எனக்குக் கண் ஆபரேஷன் செய்வித்து, மருந்து வாங்கி வந்து, ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டேதான் போன ஞாயிறு அந்தச் சாவியையும் கொடுத்தாயா? எனக்கு விளங்கவில்லை. நான் பெற்றவள்தானா நீ?

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் பட்டவள் சொல்கிறேன். உன் மேல் பிரியம் என்று சொல்லிக்கொண்டு உன் பையைத் திறக்கிறவர்கள் யாராக இருந்தாலும், அம்மாவே ஆனாலும், கையைத் தட்டிவிடு. அன்றைக்கே நீ டிக்ஷனரியைக் காட்டினதோடு விடாமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்க வேண்டும். அடுத்தவர் மனசு நோகும் என்று பொறுத்துப் பொறுத்துப் போகாதே. என்னிடம் நீ பொறுத்தது போதும். உன் பீரோ சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பட்டாலியன் கடிதமும் இருக்கிறது, மடிப்பில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. நான் வந்தாலும் வராவிட்டாலும் நீ திரும்ப ரேஞ்சுக்குப் போகலாம். ஏர் ரைஃபிளுக்கு வயது தடை இல்லை என்று பேப்பரில் படித்தேன். போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. வண்டியைப் பற்றி நான் போன் செய்து கேட்க மாட்டேன். வராவிட்டால் கட்டின மூட்டையை அவிழ்த்துக்கொண்டு இங்கேயே இருப்பேன். தனியாக இருக்க இனி எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் இருக்கிறது. அது என் பாடு.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. "கேட்டும் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை. விஜயதசமி அன்று காலை எட்டு மணி இருக்கும். பூஜை எடுத்து, வழக்கப்படி தாம்பாளத்து அரிசியில் விரலால் 'ஹரிஸ்ரீ' எழுதிவிட்டு, விரலில் அரிசி ஒட்டிக்கொண்டிருக்க நீ அடுக்களை வாசலில் வந்து நின்றாய். மூன்று மணிக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. "அம்மா, நேக்கு ஏதாவது லெட்டர் வந்துதா?" என்று கேட்டாய். நான் திரும்பிப் பார்க்காமலே, "இல்லையே, ஒண்ணும் வரலையே" என்றேன். நீ இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாய். ஒருவேளை மாற்றிச் சொல்வேன் என்று நின்றிருப்பாய்.

வந்தது, அம்மு. உனக்கு லெட்டர் வந்தது.

அம்மா